வீடு கைமாறும்போது வரி யார் கணக்கு? நாள் கணக்கு, அரையாண்டுக் கணக்கு, பிடித்தம்: எது தோது?

நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீட்டை 2025 ஜூனில் விற்றோம். கோடியைத் தாண்டிய விலையை அரை மணி நேரத்தில் பேசி முடித்தோம். 105 ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டுக்கு அந்த வீட்டின் சொத்து வரி 3,660 ரூபாய். ஏப்ரல் மாதத்துக்குள் கட்டினால் சென்னை மாநகராட்சி 5 சதவீதம் கழித்துக்கொள்ளும், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. அப்படி 3,477 கட்டி ரசீதும் வைத்திருந்தேன். பத்திரப் பதிவு ஜூன் 18. அந்த அரையாண்டில் மொத்தம் 183 நாள். பதிவுக்கு முந்தைய 78 நாள் என் பாடு, மிச்சம் 105 நாள் வாங்குபவர் பாடு. "நாளைக்கு 20 ரூபாய் வீதம் 2,100 வருது தம்பி" என்றேன். அவர் போனில் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "நீங்க கட்டினது நாளைக்கு 19 தானே சார்? 1,995 தான் வருது" என்றார்.

கழிவு என்பது நேரத்தோடு கட்டிய என் சமர்த்துக்குக் கிடைத்ததா, வீட்டுக்குக் கிடைத்ததா? நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, காபி ஆறிப்போனது. கடைசியில் என் மனைவி, "அந்த நூறு ரூபாயை நான் தரேன், ரெண்டு பேரும் எழுந்திரிங்க" என்றாள். இப்போது யோசித்தால் அந்தப் பையன் சொன்னதுதான் சரி. கையைவிட்டுப் போன பணத்தைத்தான் பங்கு போட முடியும், போகாத பணத்தை அல்ல.

ஆனால் இந்தச் சில்லறைச் சண்டைக்கு நடுவில் இரண்டு பேருமே மறந்த விஷயம் வேறு. அதை அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பு, 2022ல், பெரம்பூரில் பிளாட் வாங்கியபோது பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். அப்படியும் மறந்தேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு. விற்பனைத் தேதி வரை சேர்ந்த அரசு வரிகளை விற்பவர் கட்ட வேண்டும். உரிமை கைமாறிய பிறகு வருவதை வாங்கியவர் கட்ட வேண்டும். வாடகைக்கும் இதே கோடுதான்: உரிமை மாறும் வரை வாடகை விற்பவருக்கு, அதன்பின் வாங்கியவருக்கு. ஆகவே யார் வாடகை வாங்குகிறாரோ அவர் வரி கட்டட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சட்டத்துக்கும் ஒத்துப்போகிறது. இந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த ஒப்பந்தம்தான் செல்லும். அதனால்தான் இதில் தேர்வு என்று ஒன்று நமக்கு இருக்கிறது.

சென்னையில் நடைமுறையில் நான் பார்த்தது நாலு வழி. நாள் கணக்கு ஒன்று. நடப்பு அரையாண்டு முழுவதையும் விற்பவரே கட்டி, ரசீதைக் கையில் கொடுத்துவிடுவது இன்னொன்று. பாக்கி உட்பட எல்லாவற்றையும் வாங்குபவர் ஏற்று, விலையில் குறைத்துக்கொள்வது மூன்றாவது. ஒரு தொகையைப் பிடித்து வைத்து, கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு கொடுப்பது நாலாவது.

நாள் கணக்கில் நியாயத்துக்குக் குறையே சொல்ல முடியாது. பல வெளிநாடுகளில் இதுதான் வழக்கம். மெல்பர்னில் இருக்கும் என் சித்தி பையன் வீடு வாங்கியபோது, கவுன்சில் வரி, தண்ணீர் வரி எல்லாவற்றையும் நாள் வாரியாகப் பிரித்து ஒரு தாளே போட்டுக் கொடுத்தார்களாம். அங்கே நிலவரி என்று தனியாக ஒன்று உண்டு. டிசம்பர் 31 நள்ளிரவில் யார் பெயரில் நிலம் இருக்கிறதோ, அடுத்த வருடத்துக்கு அவர்தான் வரி கட்ட வேண்டும். அதுவும் அவர் வைத்திருக்கும் நிலங்களின் மதிப்பையெல்லாம் கூட்டிப் போடும் வரி. பத்து மனை வைத்திருப்பவரிடம் ஒரு மனை வாங்கினால் அவருடைய பெரிய விகிதத்தில் நாம் பங்கு கட்டுவதா என்று தகராறு வரும். விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில், விலை ஒரு கோடி டாலருக்குக் கீழே இருந்தால், இந்த நிலவரியை வாங்குபவர் தலையில் கட்டவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, நம் ஊரில் சொத்து வரி கட்டடத்தைப் பார்த்துப் போடுவது, ஆளைப் பார்த்து அல்ல. அந்தத் தலைவலி நமக்கு இல்லை.

நம் ஊரில் நாள் கணக்கின் பிரச்சினை, தொகை சின்னது, பேச்சு பெரியது. பதிவு நாள் யாருடையது என்பதற்கே ஒரு விவாதம் வரும். என் கணக்கில் அது 19 ரூபாய் விவகாரம். வரி கொஞ்சம் பெரிதாக இருந்தால், அதாவது கீழே கடை, மேலே வீடு என்று வணிகக் கட்டடமாக இருந்தால், நாள் கணக்குக்கு அர்த்தம் உண்டு. எண்ணூறு, தொள்ளாயிரம் சதுர அடி பிளாட்டுக்கு அது வீண் வேலை.

மின்சாரத்துக்கு மட்டும் நாள் கணக்கு போடாதீர்கள். சாவி வாங்கும் அன்று மீட்டரை போட்டோ எடுத்துக்கொள்வதுதான் வழி. அதிலும் ஒரு சிக்கல். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், அடுக்கு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். மாற்றம் நடுவில் விழுந்தால் இலவச யூனிட் யாருக்கு, மேல் அடுக்கு யாருக்கு? மொத்த பில்லையும் யூனிட் விகிதத்தில் பிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இரண்டாவது வழி, விற்பவரே அரையாண்டு முழுவதையும் கட்டுவது. பெரம்பூரில் நாங்கள் செய்தது இதுதான். விற்றவர் ஓய்வு பெற்ற பெரியவர், மகனோடு கோயம்புத்தூர் போவதற்காக விற்றார். "மூணு மாச வரிக்கெல்லாம் உங்ககிட்ட கணக்கு கேட்பேனா தம்பி?" என்று செப்டம்பர் வரை கட்டிய ரசீதைப் பத்திரக் கட்டின் மேலேயே வைத்துக் கொடுத்தார். எனக்கும் பரம திருப்தி. ஹவுசிங் லோனுக்கு வங்கி கேட்கும் கடைசி ரசீது கையில் இருக்கிறது, வரிக் கணக்கில் பெயர் மாற்றத்துக்கும் அது போதும். வேறென்ன வேண்டும்?

அது 2022 ஜூன் 17. தேதியைக் கவனியுங்கள். அந்த ஏப்ரலில்தான் தமிழக அரசு சொத்து வரி உயர்வை அறிவித்திருந்தது. 1998க்குப் பிறகு சென்னையில் வரியை ஒழுங்காகத் திருத்தவே இல்லை. 2018ல் ஏற்றிப் பார்த்து, 2019ல் நிறுத்திவைத்தார்கள். 2022ல் மொத்தமாக ஏறியது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்கு, 600 சதுர அடிக்குள் என்றால் 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. என் பிளாட் 860 சதுர அடி. 1,240 ரூபாயாக இருந்த அரையாண்டு வரி 2,170 ஆனது. திருத்திய கேட்புச் சீட்டு எனக்கு வந்து சேர்ந்தபோது வீடு என் கையில். சீட்டில் கேட்டதோ ஏப்ரல் முதலான அரையாண்டுக்கு 930 ரூபாய் வித்தியாசம்.

கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக எழுதும் வரிதான்: இன்றைய தேதி வரையிலான வரி வகையறாக்களை விற்பவர் செலுத்திவிட்டார், இனி வரும் வரி வகையறாக்களை வாங்குபவர் செலுத்தி அனுபவித்துக்கொள்ள வேண்டியது. "இனி வரும் வரி" என்றால் என்ன? இனிமேல் வரும் காலத்துக்கான வரியா, இனிமேல் கேட்கப்படும் வரியா? எழுதியவருக்கே தெரியாது. நான் முதல் பொருளில் படித்தேன். போன் போட்டபோது பெரியவர் இரண்டாவது பொருளில் படித்தார். "அதான் ரசீது குடுத்துட்டேனே தம்பி" என்றார், கொஞ்சம் மனவருத்தத்தோடு. நாள் கணக்குப்படி பார்த்தால் அவர் பங்கு 391 ரூபாய். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானே கட்டினேன்.

391 ரூபாய் போனால் போகட்டும். ஆனால் அதே வாசகத்தை வைத்துக்கொண்டு என் நண்பர் ஒருவர் மாட்டியது பெரிய தொகை. வேளச்சேரியில் தனி வீடு வாங்கினார். விற்றவர் கீழ்த்தளத்துக்கு மட்டும் வரி கட்டிக்கொண்டிருந்தார். மாடி எழும்பிப் பல வருடம் ஆகியும் வரிக் கணக்கில் ஏறவில்லை. ரசீதில் பாக்கி பூஜ்யம், எல்லாம் சுத்தம். பெயர் மாற்றத்துக்கு மனு போட்டபோது அளந்து பார்த்தார்கள். விடுபட்ட தளத்துக்குப் பின்தேதியிட்டு வரி வந்தது, நாற்பதாயிரத்துக்கு மேல். விற்றவரைக் கேட்டால், "பாக்கி எதுவும் இல்லைன்னு நெட்டிலேயே பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். அதுவும் உண்மைதான்.

எனவே நாள் கணக்கா, அரையாண்டா என்பதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது: பிரிக்கும் கோடு எங்கே விழ வேண்டும் என்பது. வரி எந்தக் காலத்துக்கு உரியது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். எப்போது கேட்டார்கள் என்பதை வைத்து அல்ல. ஒப்பந்தம் போடும்போதே, பத்திரத்திலும் விடாமல், இப்படி ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "பத்திரப் பதிவுத் தேதிக்கு முந்தைய காலத்துக்கு உரிய சொத்து வரி, குடிநீர் மற்றும் கழிவுநீர் வரி ஆகியவற்றை, அவை எப்போது கேட்கப்பட்டாலும், விற்பவரே ஏற்பார், பதிவுத் தேதி முதலான காலத்துக்கு உரியவற்றை வாங்குபவர் ஏற்பார்." பத்திர எழுத்தர் முகம் சுளிப்பார். "வழக்கமா போடறதைப் போட்டிருக்கேன் சார்" என்பார். பரவாயில்லை, சேர்க்கச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டோமே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அந்தச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். வரி பாக்கி வராது. சொத்து வரியோ சொத்தின் மேலேயே நிற்கும் கடன். தெரியாமல் வாங்கியவரைப் பழைய வரிக்காகப் பிடிக்கலாமா என்பது 1971ல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய், வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. ஆனால் இன்றைக்கு மாநகராட்சி இணையதளத்தில் மண்டலம், வார்டு, பில் எண், உப எண் போட்டால் பாக்கி திரையில் வந்து நிற்கிறது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வழக்குக்கு ஆகும் செலவில் வரியை நாலு தடவை கட்டிவிடலாம்.

பில் எண்ணைப் போட்டுப் பார்க்கும்போது கதவு எண்ணையும் பாருங்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும். பக்கத்துப் பிளாட்டின் ரசீதைக் காட்டிப் பல வருடம் ஓட்டியவர்களும் உண்டு. ஏமாற்ற நினைத்து அல்ல, அவர்களுக்கே தெரியாது.

மூன்றாவது வழி, உள்ளது உள்ளபடி வாங்குவது. விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது நாலு வாரிசுகள் சேர்ந்து விற்கிறார்கள், யார் கட்டுவது என்று அவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. அப்போது புரோக்கர் சொல்வார்: "ஐம்பதாயிரம் குறைச்சுக்குங்க சார், வரி கிரி எல்லாம் நீங்களே பார்த்துக்குங்க." இது கெட்ட யோசனை இல்லை. பாக்கி எவ்வளவு என்று தாளில் இருந்தால், அலையப் பொறுமையும் இருந்தால், லாபமாகவே முடியலாம். தாளில் இல்லாத பாக்கிக்கு விலை போடுவதுதான் ஆபத்து. வேளச்சேரி வீடு போல அளவே மாறியிருந்தால் ஐம்பதாயிரம் எந்த மூலைக்கு? இன்னொன்று, விலையைக் குறைத்தால் முத்திரைத் தீர்வையும் குறையும் என்று நினைக்காதீர்கள். விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மேலே இருந்தால்தான் குறைப்பு எடுபடும். மதிப்பைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழே எவ்வளவு எழுதினாலும், 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்புக்குத்தான். அந்தச் செலவு எப்போதும் வாங்குபவருடையது.

பிடித்தம் என்ற நாலாவது வழி, கேட்க நன்றாக இருக்கும். செய்வது கஷ்டம். பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கூப்பிடும்போது வங்கிக்காரர் டிடியை நீட்டுவார்; முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று விற்பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். இதில் எங்கே நிறுத்திவைப்பது? லோன் பணத்தில் பிடிக்க முடியாது. நாம் கையிலிருந்து போடும் பங்கில்தான் முடியும். அதையும் பத்திரத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று செய்தால் வேறு வம்பு வரும். நண்பர்கள் வட்டத்தில் நான் பார்த்து ஒழுங்காக நடந்தது ஒரே முறைதான். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, விற்பவரிடமிருந்து ஒரு லட்சத்துக்குத் தேதியிட்ட காசோலையும், எதற்காக, எவ்வளவு நாளைக்கு என்று ஒரு கடிதமும் வாங்கி, இரு தரப்புக்கும் தெரிந்த வக்கீலிடம் வைத்தார்கள். ஆறு வாரத்தில் பெயர் மாற்றம் முடிந்தது, காசோலை திரும்பிப் போனது. காசோலைக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பதால் இழுத்தடிக்கவும் முடியாது.

எல்லா வீட்டுக்கும் இது வேண்டுமா? வேண்டாம். அடுக்குமாடியில், அளவு மாற வாய்ப்பில்லாத பிளாட்டுக்கு இரண்டாவது வழியும் மேலே சொன்ன வாக்கியமும் போதும். தனி வீட்டில் மாடியோ, பின்பக்க அறையோ, வாடகைக்கு விட்ட கடையோ பிறகு சேர்ந்திருந்தால் பிடித்தம் கேளுங்கள். கேட்பதற்கு முன் ரசீதில் உள்ள சதுர அடியையும் நேரில் நிற்கும் கட்டடத்தையும் ஒத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. என் வேளச்சேரி நண்பர் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் விட்டார்.

குடிநீர் வாரியத்தின் கணக்கு தனி. அதுவும் ஆண்டு மதிப்பில், அதாவது வீட்டுக்கு மதிப்பிட்ட ஆண்டு வாடகையில், 7 சதவீதம்; கட்டுவது அரையாண்டுக்கு ஒரு முறை. சொத்து வரி ரசீதைக் காட்டுபவர்கள் இதைக் காட்ட மறந்துபோவார்கள், நாமும் கேட்க மறந்துபோவோம். பிளாட் என்றால் சங்கத்தின் பராமரிப்புத் தொகையும் இருக்கிறது. பெரும்பாலும் வரியைவிடப் பெரிய தொகை அதுதான். மாதம் மூவாயிரம் என்றால் அரையாண்டுக்குப் பதினெட்டாயிரம். என் பிளாட்டின் வரிக்கு எட்டு மடங்கு. இதில் "எந்தக் காலத்துக்கு" என்ற அளவுகோல் சில நேரம் சறுக்கும். போன வருடம் முடிவு செய்து இந்த வருடம் வசூலிக்கும் பெயின்ட் செலவு யாருடையது? பெயின்டை அனுபவிக்கப் போவது வாங்குபவர் என்பதால் அவர்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. என் மனைவி, முடிவெடுத்த கூட்டத்தில் கை தூக்கியவர் கொடுக்கட்டும் என்கிறாள். எப்படியானாலும் பாக்கி இல்லை என்று சங்கச் செயலாளரிடம் ஒரு கடிதம் வாங்காமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வெறும் மனை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு இல்லாததால் வரி இல்லை என்று நினைத்துவிடுவோம். காலிமனை வரி என்று ஒன்று உண்டு. பல வருடம் யாரும் கட்டாமல் கிடந்து, வாங்கியவர் வீடு கட்ட வரைபட அனுமதிக்குப் போகும்போதுதான் தலைகாட்டும். மனைக்கு நாள் கணக்கெல்லாம் பேச வேண்டாம். பதிவுக்கு முன் பழைய பாக்கி முழுவதையும் விற்பவர் கட்டி ரசீது தர வேண்டும், அவ்வளவுதான். புறநகரில் பட்டா நிலமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டும் கிஸ்தி என்ற நிலத் தீர்வையும் இருக்கும். அதன் ஆண்டு ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டு, தொகை அற்பம். ஆனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், யார் அனுபவத்தில் நிலம் இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

விற்பவர் பக்கம் நின்று பார்த்தபோது எனக்குப் புரிந்தது பெயர் மாற்றம். நங்கநல்லூரில் 1,995 ரூபாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட நான், அந்த வாக்கியத்தைப் பத்திரத்தில் சேர்க்க மறந்தேன். பெயர் மாற்றத்துக்குக் கெடு வைக்கவும் மறந்தேன். அக்டோபரில் அடுத்த அரையாண்டு வரிக்கான குறுஞ்செய்தி என் போனுக்குத்தான் வந்தது, அப்பா பெயரில். அதை அந்தப் பையனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கட்டிய ரசீதைத் திருப்பி அனுப்பினார், 5 சதவீதம் கழிவு போக. கூடவே ஒரு குரல் செய்தி: "பேர் மாத்தறதுக்கு அடுத்த வாரம் போறேன் சார்."

இன்னும் போகவில்லை.